திரைக்குக் கீழே நின்ற சிவப்பு வரிகள்

சாமி,

நாளைக் காலையில் நீ பெங்களூருக்குப் பஸ் ஏறப் போகிறாய். நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே என்னிடம் ஒன்று கேட்டாய். "நா அந்த வேலைக்குப் போகட்டுமாங்கம்மா?" நான் ரசத்தை ஊற்றிவிட்டு, போகாமல் என்ன செய்வாய் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். நோயாளியின் உடம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிற மெஷினுக்கு, அதன் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிற வேலை உனக்கு. ஏன் அப்படிக் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாளுக்குப் பிறகு நம் வீட்டில் மூன்று பேரும் அதைப் பற்றி மனம் விட்டுப் பேசவே இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் போனால் இன்றைக்கும் தண்ணீர்க் குழாயைத்தான் முதலில் பார்க்கிறேன். நேரில் பேச வரவில்லை என்பதால் எழுதுகிறேன். பத்தாவது படித்தவளின் எழுத்து, முன்னே பின்னே போகும். பொறுத்துக்கொள்.

நம் தீவன மில்லில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது எப்போதும் நான்தான். உன் அப்பா ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வடக்கே சுற்றிச் சம்பாதித்து வந்து கோழிப் பண்ணை போட்டார். மில் வைத்தபோது அந்தத் திரையைக் கண்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். போர் போடும்போது எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன், அதற்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வேர்த்துப்போவார். மெஷினை மாட்டிக்கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் ஒரு பகல் முழுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் எழுத்தைப் படித்துப் பழகவில்லை, இடத்தை வைத்துப் பழகினேன். மேலே சோளம், பக்கத்தில் சோயாப் புண்ணாக்கு, அதற்குக் கீழே கல்தூள், நடுவில் பச்சைப் பட்டன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீளப் பட்டை. உப்பும் மருந்தும் கலக்கிற சின்ன மெஷினின் நிலவரம் அதில்தான் வரும். எங்கேயாவது தப்பு நடந்தால் அதே பட்டையில் சிவப்பில் ஒரு வரி ஓடும். அது வந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்த இத்தனை காலத்தில் அந்தச் சிவப்பை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கோடை மழையில் இடி இறங்கிய அன்று மில்லின் கம்ப்யூட்டர் கருகிப்போனது. நீ படிப்பை முடித்துவிட்டு, வேலையில் சேரச் சொல்லித் தகவல் வருவதற்காக வீட்டில் காத்திருந்தாய். கோயம்புத்தூர்க்காரரோ காலமாகியிருந்தார், அவர் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அவர் கொடுத்த சிடி மட்டும் பீரோவில் இருந்தது. அந்த புரோகிராம் பழைய விண்டோஸில்தான் ஓடும். நீயும் அப்பாவும் சேலம் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தீர்கள். இதில் பழைய விண்டோஸ் ஏறாது, ஏறினாலும் படம் ஒழுங்காக வராது என்று கடைக்காரர் சொன்னாராம். நான் ஏற்றிக்கொள்கிறேன் என்று நீ சொன்னாயாம். வண்டியில் வரும்போதே உன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பையனால் பண்ணைக்கு ஆகிற முதல் காரியம் என்று எனக்கும் பெருமைதான்.

ஏற்றிவிட்டாய். ஆனால் எத்தனை பாடு! முதலில் மௌஸ் நகரவில்லை, கீபோர்டு செத்துக் கிடந்தது. பழைய உருண்டை முனைக் கீபோர்டு ஒன்றை ராசிபுரத்திலிருந்த உன் சிநேகிதனிடம் போய் வாங்கி வந்தாய். அதன் பிறகு திரை வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பூதாகாரமாக, உப்பிப்போய் இருந்தது. ஏனென்று கேட்டேன். உள்ளே படம் காட்டுகிற சிப் புதுசு, பழைய விண்டோஸுக்கு அதை எப்படி வேலை வாங்குவது என்று தெரியாது, அதைத் தெரிவிக்கிற சின்ன புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர், சிப் செய்கிறவர்கள் பழைய விண்டோஸுக்கு டிரைவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று பொறுமையாகச் சொன்னாய். எனக்குப் புரிந்தது.

அன்று முழுக்க நீ அந்த டிரைவரைத்தான் தேடினாய். சிப் கம்பெனியின் வலைப்பக்கத்தில் உன் சிப்பின் பெயருக்கு நேராகப் புது விண்டோஸ் மட்டும்தான் இருந்தது. வேறு சில பக்கங்கள் எல்லா டிரைவரும் எங்களிடம் இருக்கிறது என்று பெரிய பச்சைப் பட்டனைக் காட்டின. அதைத் தொட்டால் வைரஸ்தான் வரும் என்று மூடிவிட்டாய். ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்கிற இடத்தில், யாரோ ஒருவர் பழைய டிரைவரின் உள்ளே கை வைத்து மாற்றிப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தாய். அதை மொழிபெயர்த்துப் படித்துப் படித்து ஏற்றினாய். திரை நீலமாகி, கம்ப்யூட்டர் தானாகவே நின்றது. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினாய். நீ காபியைக்கூடக் குடிக்கவில்லை.

அதற்குள் ஷெட்டில் தீவனம் தீர்ந்துகொண்டிருந்தது. அப்பா வாசலுக்கும் மில்லுக்குமாக நடந்தார். முட்டையிடத் தொடங்கியிருந்த கோழிகள், ஒரு வேளை பட்டினி போட்டாலும் முட்டை நின்றுபோகும். டிரைவர் இல்லாமலேயே நீ மில் புரோகிராமைத் திறந்து காட்டினாய். பெரிதாகிப்போன படத்தில் சோளம் தெரிந்தது, சோயா தெரிந்தது, பச்சைப் பட்டன் தெரிந்தது. திரைக் கண்ணாடியின் விளிம்போடு படம் அறுந்து நின்றது. அடிப்பட்டை இல்லை.

நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "அடீல என்னங்கம்மா இருக்கும்?" என்று கேட்டாய். இதை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. சின்ன மெஷினின் நிலவரம் வரும், தப்பு நடந்தால் சிவப்பில் வரும், ஆனால் அது எப்போதாவதுதான் வரும் என்று நான் சொன்னேன். அப்பா, "மெஷின் ஓடுதில்ல? அப்பறம் என்ன, ஓட்டுங்க" என்றார். நீ கொஞ்சம் தயங்கினாய். இரண்டொரு நாளில் எப்படியாவது டிரைவரைக் கண்டுபிடித்து முழுப் படத்தையும் வர வைத்துவிடுவதாகச் சொன்னாய். பட்டனை அமுக்கியது என் விரல்.

அன்று கலக்கிய தீவனம் நம் ஷெட்டுக்குப் போனது. மிச்சம் இருந்ததைப் பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா எடுத்துப்போனார். அவருடையது சின்னப் பண்ணை. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். கோழிகளை அக்கா ஒருவர்தான் பார்த்துக்கொள்வார், தீவனம் நம்மிடமிருந்துதான். நீ மறுபடியும் டிரைவர் தேட உட்கார்ந்துவிட்டாய்.

மறுநாள் ஷெட்டுக்குப் போனபோது முதலில் எனக்குச் சத்தம்தான் வித்தியாசமாகப் பட்டது. காலையில் என்னைப் பார்த்ததும் ஒரே இரைச்சலாகக் கத்துமே, அது இல்லை. கோழிகள் எல்லாம் தண்ணீர்க் குழாயைக் கொத்திக்கொண்டே இருந்தன. கொத்துவதை விடவே இல்லை. கூண்டுக்கு அடியில் எச்சம் தண்ணீராக ஓடியிருந்தது. உள்ளே போகப் போக, கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவை, காலை ஊன்ற முடியாமல் சரிந்தவை, கடைசி வரிசைகளில் செத்துக் கிடந்தவை. ஒரு கோழி என் கண்ணெதிரிலேயே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்தது. அதைக் கையில் எடுத்தேன், வயிறு தண்ணீர்ப் பை போல இருந்தது. நோய் வந்து கோழி சாவதை நான் பார்த்திருக்கிறேன். தாகத்தில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே அப்படிச் செத்ததை நான் பார்த்ததில்லை. அலுமினிய வாளியைத் தரையில் தட்டித்தான் உங்கள் இரண்டு பேரையும் வரவழைத்தேன்.

கால்நடை டாக்டர் வந்து இரண்டு கோழிகளை அறுத்துப் பார்த்தார். தொட்டியிலிருந்த தீவனத்தை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். அப்பாவைப் பார்த்து, "உப்புங்க. உப்பு எக்கச்சக்கமா விழுந்திருக்குது. மொதல்ல தொட்டியெல்லாம் வழிச்சுப் போடுங்க" என்றார். நான் முந்தின நாள் அந்தத் தீவனத்தைக் கையால் அள்ளிப் போட்டவள். பார்க்க எப்போதும் போலத்தான் இருந்தது.

நீ மில்லுக்குள் ஓடினாய். நானும் பின்னாலேயே வந்தேன். கீபோர்டில் ஏதோ இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கி, அம்புக்குறியால் அந்தப் படத்தையே மேல்நோக்கித் தள்ளினாய். சோளம் மேலே ஏறி மறைந்தது, பச்சைப் பட்டன் மறைந்தது. கீழேயிருந்து அந்தப் பட்டை எழுந்து வந்தது. சிவப்பு. ஒரு வரியல்ல, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பட்டை நிறையச் சிவப்பு. உப்பு மோட்டார் நிற்கவில்லை, உப்பு மோட்டார் நிற்கவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதற்கு ஒரு சாண் தூரத்தில், மெஷின் நன்றாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நமக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கத்திக்கொண்டிருந்தது. சாமி, அந்தக் கணத்தை என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை. நீ நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் உதடு வெளுத்திருந்தது.

அப்பா உள்ளே வந்து பார்த்தார். எனக்கு அப்போதுதான் சரசக்கா ஞாபகம் வந்தது. அவருக்கும் போயிருக்கிறதே என்றேன். அப்பா திரையை விட்டு விலகி நின்றார். பிறகு, உன்னையும் என்னையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அந்தக்காகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். அவிய ஊட்டுக்காரரும் இல்ல. பொழுதோட வேற தீவனம் அனுப்பி, இதைத் திருப்பி எடுத்துக்கலாம். தண்ணில ஏதோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கட்டும்." உன் அப்பாவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று நினைத்ததில்லை. அதைவிட அதிர்ச்சி, நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது. செத்த கோழிகளும் போன மானமும் கண்ணுக்குள்ளேயே நின்றதால், அந்தப் பேச்சு அப்போது ஒதுங்கிக்கொள்ள ஒரு நிழல் மாதிரி இருந்தது. நான் தலையாட்டினேனோ என்னவோ. திரும்பிப் பார்த்தபோது நீ அங்கே இல்லை.

முதலில் ஷெட்டில் இருப்பாய் என்று நினைத்தேன். இல்லை. வீட்டில் இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, உன் செல்போன் கம்ப்யூட்டர் மேஜையில் இருந்தது. நீ சின்னவனாக இருந்தபோது ஒரு முறை மேட்டூர் பூங்காவில் கூட்டத்தில் தொலைந்துபோனாய். அன்று உன் பெயரைக் கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். ஊஞ்சலுக்குப் பக்கத்தில், அழுதுகொண்டிருந்த வேறு ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதோட அம்மா வரும்வரை நான் வர மாட்டேன் என்றாய். இப்போது எனக்குக் கூப்பிடவே பயமாக இருந்தது. கூப்பிட்டு நீ பதில் சொல்லாவிட்டால்? நான் நேராகக் கிணற்றுக்குத்தான் ஓடினேன். உனக்குச் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன். கிணற்று மேட்டில் மண்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் வானம்தான் தெரிந்தது.

வரப்பு வழியாக நடந்தபோதுதான் சரசக்காவின் ஷெட்டில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். நீ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கூண்டின் முன்னால் ஓடுகிற நீளத் தொட்டியிலிருந்து தீவனத்தை இரண்டு கையாலும் வாரிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாய். அக்கா அடுத்த வரிசையில் முறத்தால் வழித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் சில கோழிகள் சரிந்திருந்தன. ஆனால் அவர் அன்று காலையில்தான் நம் மூட்டையைப் பிரித்திருக்கிறார், பெரும்பாலானவை நின்றுகொண்டிருந்தன. நீ என்னைப் பார்த்தாய், கையை நிறுத்தவில்லை. அக்கா நிமிர்ந்தார். கோபத்தை எதிர்பார்த்து நின்றேன்.

"உன்ற பையன் வந்து எல்லாஞ் சொல்லிப்போட்டான்" என்றார். "நீயும் சொல்றதுக்குத்தான் வந்தயா கண்ணு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உன் முதுகு எனக்கு நேராக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லீங்கக்கா. பையனைத் தேடிக்கிட்டு வந்தேன்" என்றேன்.

அக்கா ஓரத்தில் கிடந்த இன்னொரு முறத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார். "அந்த வரிசையை வழி" என்றார். மூன்று பேரும் வெயில் ஏறும்வரை வழித்தோம். வீட்டுக்குத் திரும்பி வரும்போது, சொல்லாமல் கொள்ளாமல் போனதற்காக நான் உன்னை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். என்ன திட்டினேன் என்று ஞாபகம் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தவளுக்கு வேறு எது வாயில் வரும்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முழுப் படம் வராமல் மில்லை ஓட்டக் கூடாது என்று நீ சாவியை எடுத்துவைத்துக்கொண்டாய். தீவனத்தை வெளியே வாங்கிப் போட்டோம். சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையில், பழைய விண்டோஸ் காலத்துக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்து புதுக் கம்ப்யூட்டருக்குள் சொருகினாய். அதற்கான பழைய டிரைவர் அந்தக் கம்பெனியின் பக்கத்திலேயே கிடைத்தது. ஏற்றியதும் எழுத்தெல்லாம் சுருங்கி, அடிப்பட்டை பழைய இடத்துக்கு வந்தது. புதுச் சிப்புக்குப் பழைய டிரைவரைத் தேடித் தேடி அலைந்ததற்கு, அந்தக் காலத்துக் கார்டையே முதலில் தேடியிருக்கலாம் என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. அதோடு நீ விடவில்லை. சிவப்பு வரி வந்தால் காதிலும் விழ வேண்டும் என்று லாரி ஹாரன் ஒன்றை வாங்கி மில் சுவரில் மாட்டினாய். முதல் முறை அதைச் சோதித்தபோது அப்பா கையிலிருந்த காபியை வேட்டியில் ஊற்றிக்கொண்டார். அன்றுகூட யாரும் சிரிக்கவில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ கார்டு வாங்கச் சேலம் போயிருந்த அன்று சரசக்காவின் வீட்டுக்காரர் வந்தார். வடக்கிலிருந்து வந்து இறங்கிய கையோடு வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. செத்ததற்கு ஈடாக நம்மிடம் வேறு ஷெட்டில் வளர்கிற கோழிகளைக் கொடுத்துவிடுவதாக அப்பா சொன்னார். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "சின்னப் பையன் ஓடியாந்து சொல்லியிருக்கறான். பெரியவிய நீங்க ஊட்டுக்குள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அப்பா கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார், பாதியில் கை நின்றுபோனது. அவர் போன பிறகு அப்பா மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அடுத்த நாள் கோழிகளை அவரே கூண்டில் ஏற்றி, டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. வந்ததும் கை கால் கழுவிவிட்டு, "அக்கா காபி குடுத்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கோழியாக இருந்ததால் இத்தோடு போயிற்று, மனுஷன் உடம்பில் போகிற மருந்தாக இருந்தால் என்ன ஆகும் என்று நீ நினைக்கிறாய். படுக்கையில் நீ புரள்வது எனக்குக் கேட்கிறது. நானும் அதையேதான் நினைத்தேன், நினைத்து நடுங்கிப்போனேன். அதனால்தான் போ என்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்சம்மா, பழைய மெஷினோ புதுத் திரையோ, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அவசரத்தில் ஒரு பட்டனை அமுக்குவாள். அவள் கண்ணுக்கு எது தெரியாமல் போகும் என்று யோசிக்கிற ஒருவன் அந்தக் கம்பெனியில் இருக்கட்டும். பயமே இல்லாதவனை நான் அந்த நாற்காலிக்கு அனுப்ப மாட்டேன். அடியில் என்ன இருக்கும் என்று நீ கேட்டாய், நான்தான் ஒன்றுமில்லை என்பது போலச் சொல்லிவிட்டேன். இனிமேல் நீ கேட்கும்போது என்னைப் போல யாராவது அவசரமாகப் பதில் சொன்னால், அதோடு விட்டுவிடாதே. இன்னொரு தடவை கேள். கேட்பதற்காக யார் முகம் சுளித்தாலும் கேள்.

கொஞ்ச நாளாக நான் உன்னைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்க்கிறேன் என்று நீ சொன்னாய். உண்மைதான். பெற்று வளர்த்த பிள்ளை, எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்ற நேரத்தில், யாரும் சொல்லாமல் வரப்பில் இறங்கி ஓடிய அந்தப் பையனை எனக்கு அதற்கு முன் தெரியாது. கோழிகள் செத்த அதிர்ச்சி என்றைக்காவது ஆறிவிடும். இது ஆறாது, ஆற வேண்டாம்.

காலையில் உன்னைப் பஸ் ஏற்றிவிட நாமக்கல் வரைக்கும் அப்பாவும் வருகிறார். வெள்ளை வேட்டியை இப்போதே எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறார். அங்கே குளிர் அதிகமா, கம்பளி வைத்தாயா என்று என்னிடம் கேட்கிறார், உன்னிடம் கேட்க மாட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக உன் கையைப் பிடித்தாலும் பிடிப்பார். பிடித்தால், அவராக விடும்வரை நீ எடுத்துவிடாதே, சாமி. அவருக்கு வாயில் வராது.

உன் அம்மா